காலனிக்குப் போன இருபது பல்புகள்

சாணி யாருடையது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. ஐந்து எஞ்சினியர்கள், அவர்களுக்கு மேலே ஒரு டைரக்டர், டெல்லியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன இரண்டு பேர், வரைபடம் போட்ட நான். அத்தனை பேருக்கும் படிப்பு இருந்தது. கடைசியில் கேட்டவர் மந்தைவெளியில் மாடு வைத்துப் பால் விற்ற ஒரு மனுஷர். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அடையாறில் வேப்ப மரங்கள் நிறைந்த பெரிய காம்பவுண்டுக்குள் எங்கள் ஆபீஸ். மின்கம்பி போகாத இடங்களுக்குக் கம்பி இல்லாமலே வெளிச்சம் கொடுப்பது எங்கள் வேலை என்று வாசல் பலகையில் எழுதியிருந்தது. மொட்டை மாடியில் ஒரு காற்றாலை, காற்று அடித்தால் சுற்றும். வெயிலில் தண்ணீர் சுட வைக்கும் பெட்டி ஒன்று. இருந்ததில் உருப்படியாக ஓடியது சாண எரிவாயு எஞ்சின்தான். பின்பக்கம் கிணறு மாதிரி ஒரு தொட்டி. அதில் சாணியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் புளித்து வாயு உண்டாகும். தொட்டியின் மேல் கவிழ்த்து வைத்த இரும்பு டிரம், வாயு சேரச் சேர மேலே எழும்பும். அந்த வாயுவைக் கொண்டு ஒரு சின்ன எஞ்சினை ஓட்டி, அதில் கரண்ட் எடுத்து பல்பு எரிய வைப்பார்கள். எஞ்சினில் வாயுவும் காற்றும் கலக்கும் பாகத்தை ஈக்காட்டுத்தாங்கல் பட்டறை ஒன்றில் செய்து வாங்கினோம். பார்க்க வருகிற பெரிய மனிதர்கள் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சாணியிலயா எரியுது, அதிசயமா இருக்கே" என்பார்கள்.

நான் டிராயிங் பிரிவில் இருந்தேன். டிரேசிங் ஷீட்டில் மையால் கோடு இழுப்பதும் எழுத்து எழுதுவதும் என் வேலை. என் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள், எனக்கும் அதில் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. வீடு ராயப்பேட்டையில். அப்பா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம்.

செங்கல்பட்டுக்குத் தெற்கே ஒரு கிராமம். அதன் காலனிக்கு இருபது பல்பு போடுவதற்கு அனுமதி வந்தது. காகிதத்தில் காலனி, ஊரார் வாயில் சேரி. அந்த இடத்தின் வரைபடத்தை நான்தான் போட்டேன். மின்கம்பம் வந்த வழியைச் சின்னச் சின்னப் பெருக்கல் குறியாகக் குறித்துக்கொண்டே வந்தேன். குறிகள் ஊர்த் தெருவோடு நின்றன. காலனி அதிலிருந்து ஒரு கூப்பிடு தூரம். நடுவில் ஒரே ஒரு நிலக்காரரின் வயல். அதில் இரண்டு கம்பம் நட்டால் காலனிக்குக் கரண்ட் வந்துவிடும். அவர் நட விடவில்லை. அவரை மீறி நடச் சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் எழவில்லை. அதற்காகத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். கம்பத்தை நடுவதற்குத் துணிச்சல் இல்லாதவர்கள், அதற்குப் பதிலாக விஞ்ஞானத்தை அனுப்பினார்கள். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. இரண்டு கம்பத்து விஷயத்தை இவ்வளவு சாமர்த்தியமாகச் சுற்றிக்கொண்டு போகிறோமே என்று பெருமையாகக் கூட இருந்தது.

அதே வரைபடத்தின் மூலையில் ஒரு கட்டம் போட்டு, 'மாடுகள்: 64' என்று எழுதினேன். தாலுகாவிலிருந்து வந்த கணக்கு அது. பத்து மாட்டுச் சாணி இருந்தால் இருபது பல்பு எரியும். அறுபத்து நாலு மாடு இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று எஞ்சினியர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

எஞ்சினை ஓட்டக் காலனியிலிருந்து ஒரு ஆளைப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி எழுதினோம். வந்தது ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். ஐந்தாவது வரை படித்தவர். புருஷன் இல்லை. அந்த நிலக்காரரின் மாட்டுத் தொழுவத்தில் பதினைந்து வருஷம் சாணி அள்ளியவர். அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். திரும்பிப் போனால் அந்த வேலை கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது, நாங்கள் கேட்கவும் இல்லை.

ஒரு மாதப் பயிற்சி. அவர் எங்கே தங்குவார் என்று யாரும் யோசித்திருக்கவில்லை. எஞ்சின் ஷெட்டிலேயே ஒரு பாய் போட்டுக் கொடுக்கச் சொன்னார் டைரக்டர். எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குப் போய், ஒரு மாதம் நம் வீட்டில் இருக்கட்டுமே என்று சொல்லிப் பார்த்தேன். "ஆபீஸ் சோலிய வீட்டுக்குக் கொண்டாராத" என்றார் அப்பா. அம்மா தலையைக் குனிந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். நான் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. ஊரை எல்லாம் திட்டப் போகிறேன், அதனால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

அந்த அக்கா ஷெட்டில் தங்கினார். ஒரே வாரத்தில் எஞ்சின் அவர் கைக்கு வந்துவிட்டது. பி.இ. படித்துவிட்டு வந்த பையன்களுக்குச் சாணிக் கரைசலில் கை வைக்கவே அரை மணி நேரம் ஆகும். இவர் முழங்கை வரை விட்டு, வைக்கோல் துணுக்கைத் துழாவி எடுத்துப் போடுவார். டிரம் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று பார்த்ததுமே எத்தனை நேரம் எரியும் என்று சொல்லிவிடுவார். நாங்கள் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தால் சரியாக இருக்கும்.

ஒரு நாள் மதியம் டிபன் டப்பாவோடு ஷெட்டுக்குப் போயிருந்தேன். இருபது பல்பையும் எங்கே எங்கே போடுவீர்கள் என்று கேட்டேன். வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று என்று சொல்வார் என நினைத்தேன்.

"வீட்டுல எங்கியாச்சும் போட்டுக்கட்டும் கண்ணு. ஒண்ணு மட்டும் தெரு முனையில போடணும்" என்றார்.

"எதுக்கு அக்கா?"

"ராத்திரில ஆளு வந்து கூப்புடுவாங்க. தண்ணி திருப்ப வா, கதிரடிக்க வா, வண்டி ஏத்த வான்னு. கொரலுதான் கேக்கும், மூஞ்சி தெரியாது. யாருன்னு தெரியாமயே எந்திரிச்சுப் போவோம். மறுநாளு கூலி கேட்டா, நான் கூப்புடவே இல்லியேம்பாங்க. பொம்பளைங்களக் கூப்புடறதும் அப்பிடித்தான். ஒரு வெளக்கு இருந்தா மூஞ்சியப் பாத்துட்டு, வரலன்னு சொல்லலாம்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இதைச் சொன்னார். வெளிச்சம் என்றால் எங்கள் ஆபீஸில் படிப்பு, சுகாதாரம், முன்னேற்றம் என்று ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் உண்டு. 'வரவில்லை என்று சொல்வதற்கு' என்று அதில் இல்லை.

எங்கள் தொட்டிக்குச் சாணி மந்தைவெளியிலிருந்து வரும். அங்கே பால்காரர் ஒருவர் பன்னிரண்டு மாடு கட்டியிருந்தார். வேனில் தகர டின்களை ஏற்றிக்கொண்டு போய் நிரப்பி வருவோம். சாணியைத் தேர்ந்தெடுக்கவும் கற்றுக்கொள்ளட்டும் என்று அந்த அக்காவையும் அழைத்துப் போவார்கள். பதினைந்து வருஷம் அள்ளியவருக்குக் கற்றுக்கொடுக்க. ஸ்டோருக்குக் கணக்கு எழுத ஆள் இல்லாத ஒரு நாள் நானும் போனேன். அன்றைக்குத்தான் பால்காரர் கேட்டார்.

"இன்னாம்மா, உங்க ஊர்லயும் இந்த மெசின் போடப்போறாங்களாமே. அங்க யாரு மாடு கீது?"

"ஊர்க்காரங்க மாடுண்ணே" என்றார் அக்கா.

"உங்க ஆளுங்களாண்ட?"

"எங்களுக்கு ஏதுண்ணே மாடு. ரெண்டு ஆடு, ஒரு கன்னுக்குட்டி இருக்குது."

பால்காரர் டின்னைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்போ சாணி யாரு குடுப்பா? வயக்காட்டுக்கு எருவு போடறவன் சாணிய வுடுவானா? அவனுக்கு அது துட்டும்மா. இங்க ரோட்ல உழுந்து கெடக்குது, எவன் வேணா எட்த்துக்கினு போறான். அங்க அப்பிடியா?"

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஆச்சரியப்படவில்லை. இவர்கள் எல்லாம் படித்தவர்கள், ஏதோ ஏற்பாடு செய்யாமலா இவ்வளவு தூரம் வருவார்கள் என்று அவர் நம்பியிருந்தார். அதைப் பின்னால் அவரே என்னிடம் சொன்னார். அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

நேரே டைரக்டர் அறைக்குப் போனேன். அவர் மயிலாப்பூர்க்காரர். அரசு வேலையில் பெரிய எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். காசில் கை வைக்க மாட்டார், ஆபீஸ் காரில் கோயிலுக்குக்கூடப் போக மாட்டார், கிராமத்து ஜனங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தவர். அயோக்கியராக இருந்திருந்தால் நன்றாகத் திட்டித் தீர்த்திருப்பேன். நல்லவராக இருந்து தொலைத்தார்.

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"கிராமத்துல சாணிக்கா பஞ்சம்? நம்மாத்து வாசல்லயே கார்த்தால நாலு மாடு நின்னுண்டிருக்கு. மார்கழி மாசம் தெருவுல இருக்கற பொண்ணுகள்லாம் கோலத்துல பூசணிப்பூ வைக்க அதைத்தான் அள்ளிண்டு போறதுகள். யாருதுன்னு யாராவது கேக்கறாளா?"

"மயிலாப்பூர்ல கேக்க மாட்டாங்க சார். அங்க கேப்பாங்க."

"கேட்டா குடுப்பா. சாணிக்குப் போய் யாரும் சண்டை போட மாட்டா. நீ போய் டிராயிங்கை முடி."

எங்கள் ஆபீஸின் மொத்தத் தப்பும் அந்த நாலு மாட்டில் இருக்கிறது. மாட வீதியில் அலைகிற மாட்டின் சாணிக்கு உடையவர் கிடையாது. அதைத்தான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறார்கள். சாணி என்றால் மழைத் தண்ணீர் போல, வேண்டுகிறவர் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டார்கள். நிலக்காரரின் வயலில் இரண்டு கம்பம் நட முடியாது என்று சுற்றிக்கொண்டு போனோம். போய் அவர் தொழுவத்து வாசலிலேயே நின்றோம். வரைபடத்தில் கம்பக் குறி, மாட்டுக் கணக்கு இரண்டும் என் கையால் எழுதியவை, ஒரே தாளில். எனக்கே கண்ணில் படவில்லை. எழுத்து அழகாக வந்திருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொட்டி கட்டி முடித்தார்கள். புதுத் தொட்டிக்கு முதலில் பழைய கரைசல் ஊற்ற வேண்டும், தயிருக்குப் பிரை ஊற்றுவது போல. மந்தைவெளிச் சாணிக் கரைசல் லாரியில் போனது. அதற்கு மேல் ஒரு மாதம் நிலக்காரரும் சாணி கொடுத்தார். திறந்து வைக்கச் சென்னையிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள், மாலை போடுவார்கள், போட்டோ எடுப்பார்கள் என்றால் யார்தான் கொடுக்க மாட்டார்கள். விழாவுக்கு என்னை அழைத்துப் போகவில்லை. பெண்பிள்ளைக்கு அங்கே வசதிப்படாது என்றார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு எப்படி வசதிப்பட்டது என்று கேட்க வாய் வரை வந்தது, முழுங்கினேன். போட்டோவைப் பார்த்தேன். நடுவில் நிலக்காரர் மாலையோடு நின்றார். அக்கா ஓரத்தில் எஞ்சின் ஷெட்டின் தூணை ஒட்டி நின்றார், பாதி உடம்புதான் படத்தில் விழுந்திருந்தது.

அடுத்து அக்காவை நான் பார்த்தது மூன்று மாதம் கழித்து. பாசஞ்சர் ரயிலில் வந்து, மாம்பலத்தில் இறங்கி, பஸ் பிடித்து, நேரே டிராயிங் பிரிவுக்கு வந்தார். டைரக்டரைப் பார்க்க வேண்டும் என்றார். அவர் மீட்டிங்கில் இருந்தார். அதனால் எனக்கு முழுக்கதையும் சொன்னார்.

முதல் மாதம் இருபது பல்பும் எரிந்தது. தெரு முனையில் ஒன்று போட்டுவிட்டார்கள். ஒரு நாள் இருட்டிய பிறகு நிலக்காரரின் ஆள் வழக்கம்போல வந்து, தண்ணீர் திருப்ப ஆள் வா என்று குரல் கொடுத்தான். அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்தார். விளக்கு வெளிச்சத்தில் அவன் முகத்தைப் பார்த்தார். போன தடவைக் கூலியே தரவில்லை, அதனால் நான் வரவில்லை என்று சொன்னார். அவ்வளவுதான். கத்தவில்லை, சண்டை போடவில்லை. அந்தத் தெருவில் அப்படி ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் சாணி நின்றது. எருவுக்கு வேண்டும் என்று சொல்லியனுப்பினார் நிலக்காரர். அவர் சொன்னதும் மற்ற மாட்டுக்காரர்களும் நிறுத்தினார்கள்.

"நீங்க சும்மா வுட்டீங்களா அக்கா?"

"எங்க வுட்டோம். ரோட்டுல வுழற சாணி எடுத்தவங்களுக்குத்தான சொந்தம். சாயங்காலம் மாடு திரும்புற நேரத்துக்குப் பொம்பளைங்க எல்லாம் கூடைய எடுத்துக்குனு போயிடுவோம். வுழுந்த ஒடனே மேல ஒரு குச்சி நட்டுட்டா நம்மளுது, வேற யாரும் தொடக்கூடாது. எட்டு வெளக்கு எரிஞ்சுது கண்ணு. தெரு முனை வெளக்க நான் அணைக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் மாட்ட ரோட்டு வழியா ஓட்டாம வரப்பு வழியா ஓட்டுறாங்க. வயலுக்குள்ள வுழுந்தா வயலுக்காரருது. இப்போ டிரம்மு எழும்பவே மாட்டேங்குது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பல்பை அணைப்பதற்காக அறுபது மாட்டைச் சுற்று வழியில் ஓட்டுகிறவனை என்ன சொல்வது. அந்த அளவுக்கு அந்த ஒரு பல்பு அவனுக்கு உறுத்தியிருக்கிறது. எங்கள் ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாத அதன் அருமை அவனுக்குத் தெரிந்திருந்தது.

மீட்டிங் முடிந்து டைரக்டர் வந்தார். அக்காவை உட்காரச் சொன்னார், அதில் எல்லாம் குறை சொல்ல முடியாது. அக்கா கேட்டது ஒன்றுதான். எங்கள் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம். திட்டத்துக்காகத் தினம் இத்தனை கூடை சாணி கொடுக்க வேண்டும், அதற்கு ஈடாகத் தொட்டியிலிருந்து வெளியே வரும் கரைசலை அவர்களே எருவாக எடுத்துக்கொள்ளலாம் என்று. வாயு போன பிறகும் அது நல்ல எரு, சாணியை விட நல்ல எரு. எங்கள் புத்தகத்திலேயே அது இருக்கிறது. ஆக அந்த நிலக்காரருக்கு ஒரு கூடை எருகூட நஷ்டம் இல்லை.

டைரக்டர் யோசித்தார். "ஊர் விவகாரத்துல நாம தலையிடப்படாதும்மா. நாம டெக்னிக்கல் ஆளுகள். அரசியல் நமக்குத் தெரியாது" என்றார். பிறகு முகம் மலர்ந்தது. "வேற வழி இருக்கு. கழிவறை கட்டித் தொட்டியோட இணைச்சுடலாம். மனுஷக் கழிவுலயும் வாயு வரும். வேற தேசத்துலல்லாம் பண்ணிண்டிருக்கா. யாரையும் கேக்கவே வேண்டாம், உங்களோடதே போறும்."

அறையில் இருந்த எஞ்சினியர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் குறிப்பு எழுதிக்கொண்டார். டெக்னிக்கலாக அதில் தப்பே இல்லை.

குறிப்பு எழுதுகிறவர் எழுதி முடிக்கட்டும் என்று அக்கா காத்திருந்தார். பிறகு, "செய்யலாம் சாமி. நல்லதுன்னா எதையும் செய்யலாம்" என்றார். "ஆனா அந்த மாட்டுச் சாணியப் பதினஞ்சு வருசமா அள்ளுனது நானு. இப்பவும் எங்க பொம்பளைங்கதான் அள்ளுறாங்க. மாட்டக் குளிப்பாட்டுறது எங்காளு, மேய்க்கிறது எங்காளு. அதுல ஒரு கூடை குடுன்னு ஒரு காயிதம் எழுத முடியாதா உங்களால?"

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று ஆபீஸ் பியூனுக்குக்கூடத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது. நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கடிதம் எழுதப்படவே இல்லை, கழிவறையும் குறிப்போடு நின்றது. நான் இரண்டு தடவை கேட்டேன். இரண்டாவது தடவை, "உனக்கு டிராயிங்ல வேலை இல்லையாம்மா?" என்று கேட்டார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை.

அடுத்த மாதம் டெல்லிக்கு அறிக்கை போக வேண்டும். பழைய வரைபடத்தையே திரும்ப டிரேஸ் பண்ணச் சொன்னார்கள். அதே பெருக்கல் குறிகள், அதே கட்டம், 'மாடுகள்: 64'. நான் எழுதினேன். எழுதிவிட்டு அதன் கீழே, அதே அளவு எழுத்தில், 'இவற்றில் காலனிக்குச் சொந்தமானவை: இல்லை' என்று ஒரு வரி சேர்த்தேன். எனக்குத் தெரிந்த சண்டை அவ்வளவுதான்.

மாலையில் ஷீட் திரும்பி வந்தது. டைரக்டரே எடுத்துக்கொண்டு வந்தார். "இது நம்ம அட்டவணையில கிடையாதே. சுரண்டிடு" என்றார். டிரேசிங் ஷீட்டில் மையை ரப்பரால் அழிக்க முடியாது, பிளேடால்தான் சுரண்ட வேண்டும். மெதுவாகச் சுரண்ட வேண்டும், அழுத்தினால் ஷீட் கிழியும். பக்கத்தில் நின்றார். கிழித்திருக்கலாம். பிளேடைத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அப்பாவின் கடையில் அந்த வருஷம் பாதி நாள் கரண்ட் இல்லை, வியாபாரம் இல்லை, என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. இதெல்லாம் காரணம்தான். ஆனாலும் சுரண்டிய கை என்னுடையதுதான். ஒரு எழுத்துகூடத் தெரியாமல் சுத்தமாகச் சுரண்டினேன். அதிலும் எனக்கு நல்ல பெயர்.

பிறகு அறிக்கையின் கடைசித் தாளையும் என்னிடமே கொடுத்தார்கள். 'திட்டம் நிறுத்தப்பட்டதற்கான காரணம்: மக்களின் ஒத்துழைப்பு போதவில்லை.' அதையும் அச்செழுத்து மாதிரி எழுதிக் கொடுத்தேன். மக்கள் குச்சி நட்டுச் சாணி பொறுக்கியிருக்கிறார்கள். கூடை சுமந்திருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு வந்து ஷெட்டில் பாய் போட்டுப் படுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் எப்படி ஒத்துழைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்களோ தெரியவில்லை.

எஞ்சினைப் பெயர்த்துக்கொண்டு வந்து எங்கள் ஷெட்டில் போட்டார்கள். டிரம்மைத் தூக்க வசதியில்லை என்று அங்கேயே விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பத்து நாள் கழித்து அக்கா வந்தார். சாயங்காலம், ஆபீஸ் விடுகிற நேரம். தலையில் ஒரு கூடை. இறக்கி வைத்து, மேலே இருந்த வைக்கோலை விலக்கினார். பல்புகள். ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, வைக்கோல் சுற்றி, முட்டை அடுக்குவது போல அடுக்கியிருந்தார்.

"இருவதும் இருக்குது. எண்ணிக்க கண்ணு" என்றார்.

"இதை யாரு கேட்டாங்க அக்கா?"

"யாரும் கேக்கல. வாங்கும்போது கையெழுத்துப் போட்டன்ல. எஞ்சினு போயிடுச்சி, இது மட்டும் எதுக்கு. நாளைக்குப் பல்பு காணாம்னு எங்க மேல ஒரு பேரு வரக்கூடாது."

அவ்வளவு தூரம் ரயிலில், பஸ்ஸில், நிற்க இடமில்லாத கூட்டத்தில், இருபது கண்ணாடி பல்பைத் தலையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் எண்ணினேன். ஒன்றுகூட உடையவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, "ஒண்ணுகூட ஃபியூஸ் ஆகல போலிருக்கே" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எரிஞ்சாத்தான ஃபியூஸ் ஆவும்" என்றார் அக்கா.

இப்போது எங்கே வேலை என்று கேட்டேன். செங்கல் சூளைக்குப் போவதாகச் சொன்னார். நிலக்காரர் வீட்டில் மட்டுமில்லை, அந்த ஊரில் ஒரு வீட்டிலும் வேலை கொடுப்பதில்லையாம். ராத்திரியில் இப்போதும் வந்து கூப்பிடுகிறார்களா என்று கேட்டேன். "கூப்புடுறாங்க" என்றார்.

திருப்பிக் கொடுத்ததற்கு ஒரு சீட்டு வேண்டும் என்றார். ஸ்டோர்காரர் கிளம்பிவிட்டார். நானே ஒரு தாள் எடுத்து, இருபது பல்புகள் பெற்றுக்கொள்ளப்பட்டன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணலாக வந்தது. அவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, நாலாய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

நாங்கள் வெளியே வந்தபோது இருட்ட ஆரம்பித்திருந்தது. பியூன் போர்ட்டிகோவில் ஸ்டூல் போட்டு நின்றுகொண்டிருந்தான். வாசல் பல்பு ஒரு வாரமாக ஃபியூஸ் ஆகிக் கிடந்தது, ஸ்டோரில் கேட்டால் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். கூடையைப் பார்த்ததும், "நல்ல நேரத்துக்குக் கொண்டாந்தீங்க, ஒண்ணு குடுங்க" என்று கையை நீட்டினான். நான் அசையவில்லை. அக்காதான் குனிந்து ஒன்றை எடுத்து, வைக்கோலைப் பிரித்து, அவன் கையில் கொடுத்தார்.

அவன் மாட்டினான். உடனே எரிந்தது.

அக்கா அண்ணாந்து பார்த்தார். "நல்ல பல்புதான்" என்றார். மீதிப் பத்தொன்பதையும் வைக்கோலோடு போர்ட்டிகோ ஓரத்தில் அடுக்கிவிட்டு, வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு போய்வருகிறேன் என்று சொல்லிப் படி இறங்கினார். போர்ட்டிகோ வெளிச்சத்தில் நடந்தார். கேட்டுக்கு வெளியே போனதும் தெரு விளக்கு வெளிச்சத்தில் நடந்தார். அங்கே வரிசையாகக் கடைகள், கடைக்குக் கடை டியூப் லைட். பஸ் ஸ்டாப்பில் போய் நின்று ஒரு தடவை என் பக்கம் திரும்பினார். அவ்வளவு தூரத்திலிருந்தும் அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது.